கயிற்றை இழுத்தால் அடுத்த நிலை: ராட்செட் சுவிட்சை எப்படி வடிவமைப்பது?

தம்பி, உங்கள் கேள்வியை மற்றவர்களுக்கும் விளங்கும்படி முதலில் சுருக்கிவிடுகிறேன். திருகோணமலை கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் கட்டும் மாமாவின் பலநாள் படகுக்கு ஒரு சுழல் சுவிட்ச் செய்கிறீர்கள். தொழில்நுட்பக் கல்லூரிச் செயற்றிட்டமும் அதுவே. 24 வோல்ற் பற்றறி, ஒற்றைக் கயிறு. முதல் இழுப்பில் தளத்து விளக்கு எரியும். இரண்டாவதில் விளக்கோடு படகின் அடிநீரை இறைக்கும் பம்பும் ஓடும். மூன்றாவதில் பம்ப் மட்டும், நான்காவதில் எல்லாம் நிற்கும். ஒரே திசையில் மட்டும் சுற்றவிடும் பல்லுச் சக்கரத்துக்கு, அதாவது ராட்செட்டுக்கு, பழைய சைக்கிள் ஃபிரீவீலைப் பாவித்திருக்கிறீர்கள். மின்சுற்றை மூடித் திறக்கும் தொடுமுனைகள் சீக்கிரம் கருகுகின்றன, சிலவேளை இரண்டு நிலைகளுக்கு நடுவில் நின்றுவிடுகிறது. பல்லை மாற்றுவதா, ஸ்பிரிங்கை மாற்றுவதா என்று கேட்கிறீர்கள்.

இரண்டையும் மாற்ற வேண்டும். ஆனால் அதற்கு முன் மாற்ற வேண்டியது அமைப்பு. நீங்கள் அனுப்பிய படத்தில் பல்லுச் சக்கரமும் தொடுமுனைத் தகடும் ஒரே அச்சில் இறுகப் பூட்டியிருக்கின்றன. கயிறு போகும் வேகத்தில்தான் தொடுமுனையும் போகிறது, கயிறு பாதியில் நின்றால் தொடுமுனையும் பாதியில் நிற்கிறது. ராட்செட்டின் வேலை எண்ணுவது: ஓர் இழுப்புக்கு ஒரு படி, ஒரே திசையில். மின்னோட்டத்தை வெட்டுவது ஸ்பிரிங்கின் வேலை. இந்த இரண்டையும் பிரித்துவிட்டால், பல் வெட்டுவதில் விழும் சின்னப் பிழைகளைக்கூட சுவிட்ச் தாங்கிக்கொள்ளும். பிரிக்காவிட்டால் பல்லை எவ்வளவு நுணுக்கமாக வெட்டினாலும் முனை கருகத்தான் செய்யும்.

ஏன் கருகுகிறது என்பதை ஆறுதலாகப் பார்ப்போம், ஏனென்றால் மற்ற அளவுகள் எல்லாம் அதிலிருந்துதான் வருகின்றன. மூடியிருக்கும் இரண்டு உலோக முனைகள் பிரியத் தொடங்கும்போது, கடைசியாகத் தொட்டுக்கொண்டிருக்கும் புள்ளி மிகச் சிறுத்துவிடும். முழு மின்னோட்டமும் அந்தப் புள்ளி வழியாகப் போவதால் அங்கே உலோகம் உருகும், உருகியது நூலாக இழுபட்டு அறும், அறுந்த இடத்தில் மின்வில், அதாவது இடைவெளியைத் தாண்டி நின்று எரியும் மின்பொறி, பற்றும். வெள்ளி முனைகளில் மின்வில் நின்று எரிவதற்கு ஏறத்தாழ 12 வோல்ற்றும் 0.4 அம்பியரும் போதும். செம்பிலும் கிட்டத்தட்ட அதே அளவுதான். உங்கள் பற்றறியோ சார்ஜ் ஏறும்போது 28 வோல்ற்றைத் தாண்டும். பம்ப் இழுப்பது பல அம்பியர். ஆகவே ஒவ்வொரு முறை பிரிக்கும்போதும் மின்வில் வரும். அதை வராமல் தடுக்கப் பார்ப்பதைவிட, எவ்வளவு சீக்கிரம் அதை நீட்டி அறுக்கலாம் என்று பார்ப்பதுதான் வழி.

வீட்டுச் சுவிட்சில் இந்தத் தொல்லை குறைவு. நமது 230 வோல்ற் விநியோகம் 50 ஹேட்ஸ் மாறுமின்னோட்டம். அது செக்கனுக்கு 100 தடவை பூச்சியத்தைக் கடக்கிறது. முனைகள் பிரிந்த பிறகு அதிகம் போனால் 10 மில்லிசெக்கனுக்குள் மின்வில்லுக்குச் சோறு இல்லாமல் போய்விடும். பற்றறியின் நேர்மின்னோட்டத்தில் அப்படி ஒரு பூச்சியம் வரவே வராது. "250 வோல்ற், 6 அம்பியர்" என்று முதுகில் அச்சடித்த மாறுமின்னோட்டச் சுவிட்சை நேர்மின்னோட்டத்தில் அதே அளவுக்கு நம்ப முடியாதது இதனால்தான். கூரையில் சூரியத் தகடு போட்டவர்கள் வீட்டுச் சுவரில் இருக்கும் துண்டிப்புச் சுவிட்சைக் கவனித்துப் பாருங்கள். கைப்பிடியைத் திருப்பும்போது ஓர் இடம் வரை பாரமாகவே இருக்கும், பிறகு சடாரென்று தானாகப் பாயும். கைப்பிடி ஸ்பிரிங்கை முறுக்குவதோடு சரி, பிரிப்பது ஸ்பிரிங். நியூகாஸிலில் ஜோன் ஹென்றி ஹோம்ஸ் 1884இல் கண்டுபிடித்த விரைவுத் துண்டிப்புச் சுவிட்சின் அடிப்படை யோசனையும் இதுதான்.

மோட்டர் இருப்பதால் இன்னொன்றும் சேர்கிறது. மோட்டர்ச் சுருள் தன்னுள் ஓடும் மின்னோட்டத்தை உடனே நிறுத்த விடாது. நீங்கள் வெட்டும்போது அது தன் வோல்ற்றளவை உயர்த்தி மின்வில்லுக்கு ஊட்டும். இதற்கு மலிவான மருந்து உண்டு. பம்பின் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே, பற்றறிக்கு எதிர்த்திசையில், பம்பின் மின்னோட்டத்தைத் தாங்கக்கூடிய ஒரு டயோட்டை (ஒரே திசையில் மட்டும் மின்னைக் கடத்தும் உறுப்பு) இணையுங்கள். வெட்டியவுடன் சுருளின் மின்னோட்டம் டயோட் வழியாகவே சுற்றித் தணிந்துவிடும். டயோட்டைத் திசைமாற்றிப் போட்டுவிட்டால் அது நேரடிக் குறுக்குச்சுற்று, ஆகவே பியூஸ் இல்லாமல் இதைச் செய்து பார்க்க வேண்டாம். விளக்கு இழைக் குமிழாக இருந்தால் கருகல் மூடும்போது வரும். குளிர்ந்த இழையின் தடை சூடான இழையின் தடையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கே இருக்கும். முதல் கணத்தில் பத்து மடங்கு மின்னோட்டம் பாயும்போது முனை துள்ளினால் இரண்டும் ஒட்டிப்போகும்.

இனி நடுவில் நிற்கும் குறை. இதற்குக் காரணம் ஃபிரீவீல். அது சைக்கிளுக்காகச் செய்த பொருள். எந்த இடத்திலிருந்து மிதித்தாலும் உடனே பிடிக்க வேண்டும் என்பதற்காக அதற்குள் நெருக்கமாக நிறையப் பற்கள் இருக்கின்றன. உங்களுக்கு வேண்டியது அதற்கு நேர் எதிரானது. ஃபிரீவீல் பாவித்தால் ஓர் இழுப்புக்கு ஒரு படி என்ற கணக்கு போய்விடுகிறது. எவ்வளவு கயிறு இழுத்தீர்களோ அவ்வளவு சுற்றும். பாதியில் விட்டால் அந்தச் சின்னப் பற்களில் ஒன்று அச்சை அதே பாதியில் பிடித்து வைத்துக்கொள்ளும். அங்கே தொடுமுனை அரைகுறையாக உரசிக்கொண்டு நிற்கும், சூடேறும், கருகும். உங்கள் இரண்டு குறைகளும் இந்த இடத்தில் ஒன்றாகிவிடுகின்றன.

சுவிட்ச் ராட்செட்டில் பற்களின் எண்ணிக்கை நிலைகளின் எண்ணிக்கையாக, அல்லது அதன் மடங்காக, இருக்க வேண்டும். உங்களுக்கு நான்கு நிலை. நான்கு பல் போட்டால் ஒரு படிக்கு 90 பாகை. கயிறு சுற்றும் கப்பியின் ஆரை 10 மில்லிமீற்றர் என்றால் ஒரு படிக்கே 15.7 மில்லிமீற்றர் கயிறு வேண்டும், அதற்கு மேல் மேலதிக ஓட்டமும் வேண்டும். நான் எட்டுப் பல் போடுவேன். ஒரு படிக்கு 45 பாகை, நான்கு நிலைகளும் ஒரு சுற்றில் இரண்டு தடவை வரும். கயிறு 7.9 மில்லிமீற்றர் போனால் ஒரு படி. கயிற்றின் இழுப்பைப் பல்லுக்குக் கொடுக்கும் சிறு நெம்பை நாக்கு என்போம்; அந்தத் தள்ளும் நாக்கு திரும்பி வரும்போது அடுத்த பல்லின் முதுகைத் தாண்டி விழுவதற்கு இடம் வேண்டும், ஆகவே மொத்த ஓட்டத்தை 60 பாகையாக வையுங்கள். அது பத்தரை மில்லிமீற்றர் கயிறு. 60 பாகையில் ஓர் இரும்புத் தடுப்பு இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் அவசரத்தில் வெடுக்கென்று இழுப்பவர் 90 பாகையைத் தாண்டி, இரண்டு படிகளை ஒரே இழுப்பில் விழுங்கிவிடுவார்.

அடுத்தது ஸ்பிரிங். எளிமையான வழி, பல்லுச் சக்கரத்தின் அதே அச்சில் எட்டு முகடும் எட்டுப் பள்ளமும் உள்ள நட்சத்திரச் சக்கரம் ஒன்றைப் பூட்டி, ஸ்பிரிங் அழுத்தும் ஓர் உருளையை அதன் ஓரத்தில் விடுவது. உருளை பள்ளத்தில் கிடக்கும்போது அச்சு அசையாது. நாக்கு தள்ளும்போது உருளை முகட்டில் ஏறும். 22.5 பாகையில் முகட்டின் உச்சி. அதைத் தாண்டியதும் உருளை அடுத்த பள்ளத்துக்குள் தானாக விழுந்து, மிச்ச 22.5 பாகையையும் தன் பலத்தால் சுற்றிவிடும். ராட்செட்டின் அருமை எனக்கு இந்த இடத்தில்தான் தெரிகிறது. நாக்கு சக்கரத்தை முன்னால் தள்ள மட்டுமே செய்யும். சக்கரம் நாக்கை விட்டுவிட்டு முன்னே ஓடுவதை அது தடுக்காது. கை இன்னும் 23 பாகையில் நின்றுகொண்டிருக்க, சக்கரம் சில மில்லிசெக்கனில் 45 பாகைக்குப் போய்விடும். எண்ணுவதையும் வெட்டுவதையும் பிரிக்க வேண்டும் என்று மேலே சொன்னேனே, அந்தப் பிரிவு வேறு எந்தப் பாகமும் சேர்க்காமல் இங்கே கிடைத்துவிடுகிறது.

ஆனால் ஒரு நிபந்தனை. தொடுமுனை பிரியும் கோணம் முகட்டின் உச்சிக்கு அப்பால் இருக்க வேண்டும். உச்சி 22.5 பாகை என்றால் பிரிவு 28 பாகைக்கு முன் நடக்கவே கூடாது. அதுவரை முனை தகட்டின் மேல் வழுக்கிக்கொண்டிருக்கட்டும், மூடிய முனை மெதுவாக வழுக்குவதால் கேடில்லை. உரசல் மேலே படிந்த அழுக்கைத் துடைக்கும் என்பதால் நல்லதும்கூட. உங்கள் படத்தில் தகட்டின் விளிம்பு 15 பாகையிலேயே முடிகிறது. அந்தத் தகட்டோடு நட்சத்திரச் சக்கரத்தைச் சேர்த்தாலும் பிரிப்பது கையாகத்தான் இருக்கும்.

உரசலையும் கணக்கில் எடுங்கள். உச்சியைத் தாண்டியவுடன் உருளை தரும் முறுக்கு, அதாவது அச்சைச் சுற்றும் விசை, மிகச் சிறியது, கீழே போகப் போகக் கூடி வரும். தொடுமுனைகளின் உரசல் அந்தச் சிறிய முறுக்கைவிடப் பெரிதாக இருந்தால் அச்சு உச்சிக்குச் சற்று அப்பால் நின்றுவிடும். அது எல்லாவற்றிலும் மோசமான இடம், ஏனென்றால் முனை பிரியும் தறுவாயில் இருக்கும். முகட்டைக் கூராக வையுங்கள், உருளையை உண்மையில் உருளும்படி அச்சில் பொருத்துங்கள், முகட்டின் சரிவைச் செங்குத்தாக்குங்கள். உருளையின் ஸ்பிரிங்கைத் தேர்ந்தெடுக்கும்போது தொடுமுனைகள் அனைத்தும் பூட்டிய நிலையில் அளந்து தேர்ந்தெடுக்க வேண்டும். வெறும் அச்சை வைத்து அளந்தால் கணக்குப் பிழைக்கும்.

நட்சத்திரச் சக்கரம் இருந்தால், அச்சு பின்னால் திரும்பாமல் பிடிக்கத் தனியாகத் தடுப்புநாக்கு வேண்டுமா என்று அடுத்துக் கேட்பீர்கள். வேண்டாம். பள்ளத்தில் விழுந்த உருளையே அந்த வேலையைச் செய்யும். உச்சிக்கு முன் கயிற்றை விட்டால் அச்சு பழைய பள்ளத்துக்குத் திரும்பிவிடும். அதைத்தான் நாம் விரும்புகிறோம். தடுப்புநாக்கு போட்டே தீருவது என்றால் அதன் படியும் 45 பாகையாகவே இருக்க வேண்டும். தள்ளுநாக்கு திரும்பும்போது பல்லின் முதுகில் உரசி அச்சைப் பின்னால் இழுக்கும், பள்ளத்தின் பிடி அந்த இழுப்பைவிட வலுவாக இருக்க வேண்டும். ஆகவே நாக்கின் ஸ்பிரிங்கை மெல்லியதாகவே வையுங்கள். நாக்கு பல்லில் விழுந்தால் போதும். அதைப் பிடித்து வைப்பது பல்லின் வடிவமாக இருக்க வேண்டும், ஸ்பிரிங்காக இருக்கக் கூடாது.

பல்லின் வடிவம் என்றேன். தள்ளும் முகத்தை மையத்தை நோக்கி நேராக வெட்டினால் பாரம் ஏறும்போது நாக்கு வழுக்கி வெளியே வரக்கூடும், தேய்ந்த பிறகு நிச்சயம் வரும். முகத்தை உள்நோக்கிச் சற்று வெட்டி, பாரம் கூடக் கூட நாக்கு பல்லின் அடிக்கு இழுபடும்படி செய்ய வேண்டும். எவ்வளவு உள்வெட்டு என்பதை உராய்வு சொல்லும். உராய்வுக் குணகம் 0.2 என்றால் உராய்வுக் கோணம் 11 பாகை, ஆகவே 12 முதல் 15 பாகை உள்வெட்டு பாதுகாப்பானது. காகிதத்தில் சரிபார்க்க இலகுவான முறை ஒன்று: நாக்கின் நுனி பல்லைத் தொடும் இடத்தில் பல்லின் முகத்துக்குச் செங்குத்தாக ஒரு கோடு இழுங்கள். அந்தக் கோடு சக்கரத்தின் மையத்துக்கும் நாக்கின் சுழல்மையத்துக்கும் இடையால் போக வேண்டும். நாக்கின் மையத்தைத் தாண்டி வெளிப்பக்கமாகப் போனால் நாக்கு தப்பும்.

பல்லின் பலம் பற்றி அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. ஈரக் கையோடு வெடுக்கென்று இழுப்பவர் பத்துக் கிலோ பாரம் கொடுக்கிறார் என்று வைப்போம், அதாவது ஏறத்தாழ 100 நியூட்டன். கப்பியின் ஆரை 10, பல்லின் ஆரை 8 மில்லிமீற்றர் என்றால் பல்லில் 125 நியூட்டன். பல்லின் அடி 3 மில்லிமீற்றர் தடிப்பு, 3 மில்லிமீற்றர் அகலம் இருந்தாலே நல்ல பிளாஸ்ரிக் அதைத் தாங்கும். உடைவது பெரும்பாலும் பல்லாக இருக்காது, நாக்கின் சுழலாணியாகவோ கயிற்றின் முடிச்சாகவோ இருக்கும்.

இவ்வளவையும் கையில் எடுத்துப் பார்க்க விரும்பினால் மத்திய வீதியில் ஏதாவது மின்சாமான் கடைக்குப் போய், சுவரில் பூட்டும் மின்விசிறியின் கயிற்றுச் சுவிட்ச் ஒன்றை வாங்கிப் பிரியுங்கள். புதியதொன்றும், திருத்தும் கடையில் கழற்றிப் போட்ட பழையதொன்றுமாக இரண்டு இருந்தால் இன்னும் நல்லது. வெளியே நான்கு முனைகள்: ஒன்று உள்வரும் கம்பிக்கு, மூன்று வேகங்களுக்கு மூன்று. உள்ளே கயிறு சுற்றும் கப்பி, அதைத் திருப்பி இழுக்கும் ஸ்பிரிங், கப்பியின் முகத்தில் சாய்வான பற்கள். நாக்கு என்று தனி உறுப்பு பலவற்றில் இருக்காது. இரண்டு முகப்பற்கள் ஒன்றின் மேல் ஒன்று அழுந்தி, ஒரு திசையில் கொளுவி மறுதிசையில் வழுக்கும். பழையதில் பற்களின் நுனி மழுங்கி மினுங்குவதையும், தகட்டில் முனை பிரிந்த இடம் மட்டும் கறுத்துக் குழி விழுந்திருப்பதையும் பாருங்கள். அந்தக் குழி எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று அளந்து உங்கள் படத்தோடு ஒப்பிடுங்கள். அந்த ஒரு அளவு உங்களுக்கு நிறையச் சொல்லித்தரும்.

சுழலும் ராட்செட் சுவிட்ச் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது தொலைபேசி நிலையம். ஆல்மன் ஸ்ட்ரோஜர் 1891இல் காப்புரிமை பெற்ற தானியங்கி இணைப்பு முறை முழுக்க முழுக்கப் பல்லும் நாக்கும்தான். அதிலிருந்து வளர்ந்த தெரிவுக் கருவி முதலில் பத்துப் படி வரை மேலே ஏறும், பிறகு பத்துப் படி வரை சுற்றும், நூறு இணைப்புகளில் ஒன்றைப் பிடிக்கும். அந்தக் குடும்பத்தில் பின்னர் வந்த ஒற்றை அச்சுச் சுழல் தெரிவிகள் பலவற்றில் உங்களுக்குப் பயன்படும் ஒரு யோசனை இருக்கிறது. மின்காந்தம் இழுக்கும்போது தொடுமுனைகள் நகர்வதில்லை, நாக்கு மட்டும் ஒரு பல் பின்னால் போய் ஸ்பிரிங்கை இழுத்து வைக்கும். மின்காந்தம் விட்டவுடன் ஸ்பிரிங் நாக்கைத் தள்ளி அச்சை ஒரு படி நகர்த்தும். பற்றறியின் வலு கூடினாலும் குறைந்தாலும் படியின் வேகம் மாறாது. கயிற்றுச் சுவிட்சில் இதை அப்படியே எடுக்கலாமா? எடுக்கலாம், ஆனால் மின்காந்தம் ஒரே கணத்தில் விடும், மனிதக் கை மெதுவாகவும் விடும். ஆகவே கயிற்றில் அது மட்டும் போதாது, நட்சத்திரச் சக்கரம் வேண்டும். மின்னோட்டம் 10 அம்பியரைத் தாண்டினால் நான் இன்னும் ஒரு படி மேலே போய், கப்பிக்கும் தொடுமுனை அச்சுக்கும் நடுவில் முறுக்கு ஸ்பிரிங் ஒன்றை வைப்பேன். அச்சை ஒரு கொளுக்கி பூட்டி வைத்திருக்கும், கப்பி ஓட்டத்தின் கடைசியில் கொளுக்கியை உயர்த்தும், அச்சு பாயும். பாகங்கள் கூடும், ஆனால் கை எவ்வளவு தயங்கினாலும் மின்வில்லுக்கு அது தெரியவே வராது. இந்த முறையில் பாய்ந்த அச்சு அடுத்த நிலையையும் தாண்டிப் போகாமல் நிறுத்த ஒரு தடுப்பு கட்டாயம் வேண்டும்.

நிலைகளின் வரிசையை நீங்கள் நன்றாகவே தெரிவுசெய்திருக்கிறீர்கள். ஒன்றுமில்லை, விளக்கு, விளக்கும் பம்பும், பம்ப், திரும்ப ஒன்றுமில்லை. ஒவ்வொரு படியிலும் ஒரே ஒரு சுற்றுத்தான் மாறுகிறது. பெல் ஆய்வுகூடத்தில் ஃபிராங்க் கிரே 1947இல் விண்ணப்பித்து 1953இல் காப்புரிமை பெற்ற குறியீட்டு முறையின் இரண்டு இலக்க வடிவம் அதுதான். இதனால் ஒரு படியில் இரண்டு மின்வில் வராது, உருளையும் ஒரு நேரத்தில் ஒரு சோடி முனையையே பிரிக்க வேண்டியிருக்கும். வரிசையை மாற்றச் சொல்லி யாராவது சொன்னாலும் மாற்ற வேண்டாம்.

தொடுமுனைக்குப் பாலத்தகடு பாவியுங்கள். இரண்டு நிலையான முனைகளையும் ஒரு தகடு இணைக்கும், தகடு விலகும்போது இரண்டு இடங்களில் ஒரே நேரத்தில் பிரியும். ஒவ்வொரு மின்வில்லும் நிற்பதற்கே 12 வோல்ற் கேட்கிறது, இரண்டு என்றால் 24. பற்றறியின் வலுவில் பெரும்பகுதி அங்கேயே தீர்ந்துபோகும், இடைவெளி கொஞ்சம் நீண்டதும் அணைந்துவிடும். முனைக்கு வெள்ளிக் கலவை வேண்டும், வெள்ளி நிக்கல் அல்லது வெள்ளியும் வெள்ளீய ஒட்சைட்டும். பழைய ரிலேக்களிலிருந்து (மின்காந்தத்தால் இயங்கும் சுவிட்சுகள்) கழற்றி எடுக்கலாம். வெறும் செம்பு பாவித்தால் அதன் ஒட்சைட் படலம் மின்னோட்டத்தை மறிக்கும். வெள்ளிக்கும் ஓர் எதிரி உண்டு: அழுகும் மீனிலிருந்தும் அடிநீரிலிருந்தும் வரும் ஐதரசன் சல்பைட்டு அதைக் கறுக்க வைக்கும். முனைகள் உரசிக்கொண்டு மூடுவதால் அந்தக் கறுப்பு துடைபட்டுப் போகும். உரசல் வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது அதற்காகத்தான். அழுத்தம் ஒவ்வொரு முனையிலும் ஒரு நியூட்டனுக்குக் குறையாமல் இருக்கட்டும்.

பொருட்களைப் பற்றி. படகில் உப்பு எல்லா இடத்துக்கும் போகும். சாதாரண உருக்குக் கம்பி ஸ்பிரிங் கறள் பிடித்தால் மேலே சின்னக் குழிகள் விழும், ஒவ்வொரு இழுப்பிலும் அந்தக் குழியிலிருந்து வெடிப்பு வளரும், ஒரு நாள் அறும். உருளைக்கும் கப்பிக்கும் கறையில்லா உருக்கு ஸ்பிரிங், தொடுமுனைக்குப் பொஸ்பர் வெண்கலத் தகடு. பித்தளை கடல் ஈரத்தில் துத்தநாகத்தை இழந்து பொலபொலத்துவிடும். பல்லுச் சக்கரத்தை முப்பரிமாண அச்சில் எடுக்கப் போவதாக எழுதியிருந்தீர்கள். அந்த அச்சுக்கு வழக்கமாகப் பாவிக்கும் பிஎல்ஏ பிளாஸ்ரிக் 60 பாகை செல்சியஸ் அளவில் இளகத் தொடங்கும். கச்சான் என்ற காய்ந்த தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் வெயிலில் கிடக்கும் கறுப்பு உறைக்குள் அந்தச் சூடு வருவது பெரிய விடயமல்ல. ஸ்பிரிங் பாரத்தில் அது மெதுவாக வளைந்தும் போகும். மாதிரிக்கு எடுங்கள், படகில் பூட்ட வேண்டாம். நைலோன் தண்ணீர் குடித்துப் பருக்கும், வாடைக் காலத்தில் இடைவெளிகள் இறுகும். பல்லுக்கும் நட்சத்திரத்துக்கும் அசிற்றால் என்ற பிளாஸ்ரிக்கைக் கடைந்தெடுங்கள், அது நீரை மிகக் குறைவாகவே உறிஞ்சும், தானாக வழுக்கும். ஆனால் அதைத் தொடுமுனைக்கு அருகில் கொண்டுபோக வேண்டாம், எளிதில் தீப்பற்றும். முனைகளைத் தாங்கும் தட்டுக்கு பேக்லைற் அல்லது மெலமைன் போன்ற, வெப்பத்தில் இளகாத பிளாஸ்ரிக்.

கிறீஸ் பல்லுக்கும் உருளைக்கும் மட்டும், அதுவும் கொஞ்சம். சிலிக்கோன் கிறீஸ் இந்த உறைக்குள் வரவே கூடாது. அதன் ஆவி மின்வில்லில் எரிந்து முனையில் சிலிக்காப் படலமாகப் படியும், அது மின்னைக் கடத்தாது. ஈரமும் நேர்மின்னோட்டமும் சேர்ந்தால் நேர் முனையின் உலோகம் கரைந்து பச்சை உப்பாகும். கம்பிகளை உறையின் கீழ்ப்பக்கத்தால் கொண்டுவந்து, முனைகளுக்கு இடையில் தட்டில் ஒரு காடி வெட்டி, உப்புப் படலம் தொடர்ந்து ஓடாமல் செய்யுங்கள். கயிறு நைலோனாக இருக்கலாம், உறைக்குள் நுழையும் துளை கீழே பார்க்க வேண்டும்.

செய்து முடித்ததும் இரண்டு சோதனை. முதலாவது, முனைகள் மூடி மின்னோட்டம் ஓடும்போது பன்மானியை (மல்ரிமீற்றர்) மில்லிவோல்ற் அளவில் வைத்து, சுவிட்சின் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே அளவுங்கள். 10 அம்பியரில் 50 மில்லிவோல்ற் என்றால் தடை 5 மில்லியோம், வெப்பம் அரை வாற், நல்லது. 500 மில்லிவோல்ற் காட்டினால் 5 வாற் அந்தச் சின்ன முனையில் எரிகிறது, உறையைத் தொட்டாலே தெரியும். புதிதாக இருக்கும்போது எடுத்த அளவை எழுதி வையுங்கள், படகு கரைக்கு வரும்போதெல்லாம் திரும்ப அளந்து ஒப்பிடலாம். இரண்டாவது, கயிற்றை உங்களால் முடிந்த அளவு மெதுவாக இழுங்கள். எந்த இடத்தில் நிறுத்தினாலும், எந்த இடத்தில் விட்டாலும், அச்சு பழைய நிலையிலோ அடுத்த நிலையிலோ மட்டுமே இருக்க வேண்டும். எட்டுப் பற்களிலும் இதைச் செய்யுங்கள். ஒரு பல்லிலாவது நடுவில் நின்றால் மேலே சொன்ன முகடும் உரசலும்தான் காரணம்.

கடைசியாக, மாமாவோடு இருந்து பேச வேண்டிய ஒன்று. அடிநீர் பம்பை இந்தக் கயிற்றில் போடாதீர்கள். ஒரே திசையில் சுற்றும் சுவிட்சில் பம்பை நிறுத்தவோ போடவோ மற்ற நிலைகளைக் கடந்துதான் போக வேண்டும். இருட்டில் எந்த நிலையில் இருக்கிறது என்று கயிற்றைப் பார்த்துச் சொல்லவும் முடியாது. படகின் அடியில் நீர் ஏறும் நேரத்தில் யாரும் இழுப்புகளை எண்ணிக்கொண்டிருக்க மாட்டார்கள். அந்தப் பம்புக்குத் தனிக் கம்பி, தனிப் பியூஸ், நீர் ஏறினால் தானாகவே போடும் மிதவைச் சுவிட்ச், அதோடு கையால் போட ஒரு சாதாரண இருநிலைச் சுவிட்ச். உங்கள் கயிற்றின் இரண்டாவது சுற்றுக்குத் தளம் கழுவும் பம்பைக் கொடுங்கள், வரிசையும் அளவுகளும் ஒன்றும் மாறாது. உறையின் முகத்தில் ஒரு சின்னக் கண்ணாடித் துளை விட்டு, நட்சத்திரச் சக்கரத்தில் நான்கு நிறம் பூசிவிட்டால் எந்த நிலை என்பது டோர்ச் வெளிச்சத்தில் தெரியும். புதிய படத்தை வரைந்ததும் பிரியும் கோணத்தை அதில் குறித்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.